உங்கள் கம்ப்யூட்டரின் ஐபி விவரங்கள்: எங்கே பார்ப்பது, எந்த வரிசையில் படிப்பது

நெட் வரவில்லை என்று கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் முதலில் கேட்பதே "ஐபி என்ன காட்டுது?" என்பதுதான். ஐபி என்பது நெட்வொர்க்கில் உங்கள் கம்ப்யூட்டருக்கான முகவரி எண். புது பிரிண்டரை வைஃபையில் சேர்க்கும்போதும், கடைக்கு சிசிடிவி மாட்ட வந்தவர் வயரைச் செருகியதும், ஆபீஸ் ஐடி ஆட்கள் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்கோடு தனிப்பாதையில் இணைக்கும் வசதி) போட்டுத் தரும்போதும் இதே கேள்வி வரும். பதில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. ஆனால் விண்டோஸ் அதை முப்பது நாற்பது வரிகளாகக் கொட்டும்போது எந்த வரி நமக்கானது என்று தெரியாமல், கண்ணில் முதலில் பட்ட எண்ணைப் படித்துச் சொல்லிவிடுகிறார்கள். பாதி நேரம் அங்கேதான் வீணாகிறது.

அதனால் படிக்கும் வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: முதலில் அடாப்டர் (கம்ப்யூட்டரை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகம்), பிறகு ஐபி முகவரி, அதோடு சப்நெட் மாஸ்க், அப்புறம் கேட்வே, கடைசியாக டிஎன்எஸ். மற்றவை என்ன என்பது அந்தந்தப் பகுதியில் வரும். விண்டோஸ் 10, 11 இரண்டையும் வைத்துச் சொல்கிறேன். மேக், லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குத் தனிப் பகுதி பின்னால் இருக்கிறது. எண்களுக்கான விளக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான்.

1. தொடங்கும் முன்

விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள். அது தனக்கென்று ஓர் அடாப்டரை உருவாக்கிக்கொள்ளும், பல நேரம் டிஎன்எஸ்ஸையும் மாற்றிவிடும். நீங்கள் பார்ப்பது உங்கள் வீட்டு இணைப்பின் விவரமா விபிஎன்னின் விவரமா என்பதே குழம்பிப்போகும்.

கேபிளும் வைஃபையும் ஒரே நேரத்தில் இணைந்திருந்தால் ஒன்றைக் கழற்றிவிடுங்கள். இரண்டுக்கும் தனித்தனி ஐபி இருக்கும், இரண்டும் திரையில் வரும்.

எந்த வைஃபையில் இருக்கிறீர்கள் என்று பெயரைப் பாருங்கள். வீட்டு ரவுட்டர் விவரம் தேவைப்படும்போது லேப்டாப் போன் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கிறது.

பார்ப்பதற்கு அட்மின் அனுமதி வேண்டாம், மாற்றுவதற்குத்தான் வேண்டும். ஆகவே ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தாலும் 8-ஆம் பகுதி வரை தயங்காமல் செய்யலாம்.

2. செட்டிங்ஸில் பார்ப்பது

விண்டோஸ் கீயையும் ஐ எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். விண்டோஸ் 11-இல் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதிக்குப் போய், வைஃபை என்றால் 'வைஃபை', கேபிள் என்றால் 'ஈதர்நெட்' திறந்து, இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்துக்குப் போங்கள். கீழே உருட்டிக்கொண்டே வந்தால் ஐபிவி4 முகவரி, டிஎன்எஸ் சர்வர்கள், ஃபிசிக்கல் அட்ரஸ் எல்லாம் வரிசையாக இருக்கும். விண்டோஸ் 10-இலும் பாதை ஏறக்குறைய இதுதான்.

ஐபி மட்டும் போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு பிரச்சினையைத் தேடுகிறீர்கள் என்றால் மாஸ்க், கேட்வே, முகவரி எப்போது வாங்கப்பட்டது என்பதெல்லாம் வேண்டும். அவை ஒரே இடத்தில் ஒழுங்காகக் கிடைப்பது கமாண்ட் ப்ராம்ப்ட்டில்தான்.

3. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் பார்ப்பது

விண்டோஸ் கீயோடு ஆர் அழுத்தி, வரும் சின்னப் பெட்டியில் சிஎம்டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து என்டர் கொடுங்கள். கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில், நடுவில் இடைவெளி விடாமல் அடித்து என்டர். இது சுருக்கமான பட்டியலைத் தரும். முழு விவரத்துக்கு அதே சொல்லுக்குப் பின் ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி 'ஆல்'.

இங்கே மூன்று தடுமாற்றங்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, 'ஐபிகான்ஃபிக்' சொல்லை அந்தச் சின்னப் பெட்டியிலேயே அடித்துவிடுவது: ஜன்னல் ஒரு நொடி மின்னி மறைந்துவிடும், வைரஸ் என்று பயந்துவிடுகிறார்கள். கட்டளை முடிந்ததும் ஜன்னல் தானாக மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் முதலில் சிஎம்டி திறக்கச் சொன்னேன். இரண்டாவது, சாய்கோட்டைத் திருப்பிப் போடுவது. கேள்விக்குறி இருக்கும் கீயில் உள்ள சாய்கோடுதான் வேண்டும், என்டருக்கு மேலே இருப்பது அல்ல. மூன்றாவது, சாய்கோட்டுக்கும் 'ஆல்' என்பதற்கும் நடுவே இடைவெளி விடுவது. இந்தக் கடைசி இரண்டுக்கும் பிழைச் செய்தியும் நீளமான உதவிப் பட்டியலும்தான் வரும்.

வந்த திரையை உங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். பின்னால் எதையாவது மாற்றி நெட் போய்விட்டால் பழைய எண்கள் கையில் இருக்கும்.

4. உங்கள் அடாப்டரைக் கண்டுபிடிப்பது

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகப் பாருங்கள்.

பட்டியல் பகுதி பகுதியாக இருக்கும். ஒவ்வொன்றின் தலைப்பிலும் ஒரு பெயர்: 'ஈதர்நெட் அடாப்டர் ஈதர்நெட்', 'வயர்லெஸ் லேன் அடாப்டர் வைஃபை', நட்சத்திரக்குறியோடு 'லோக்கல் ஏரியா கனெக்‌ஷன்', 'புளூடூத் நெட்வொர்க் கனெக்‌ஷன்' என்று. இவற்றில் 'மீடியா டிஸ்கனெக்டட்' என்று இருப்பவற்றை அப்படியே தாண்டிவிடலாம். அவை பழுது அல்ல, இப்போது பயன்பாட்டில் இல்லை என்றுதான் பொருள்.

மிச்சம் ஒன்றுக்கு மேல் இருந்தால் 'டிஃபால்ட் கேட்வே' வரியைப் பாருங்கள். எந்தப் பகுதியில் அந்த வரிக்கு எதிரே எண் இருக்கிறதோ அதுதான் உங்களை இன்டர்நெட்டுக்குக் கொண்டுபோகும் அடாப்டர். விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர், விண்டோஸுக்குள் லினக்ஸ் என்று எதையாவது நிறுவியிருந்தால் அவையும் பொய் அடாப்டர்களை உருவாக்கியிருக்கும். பெரும்பாலும் அவற்றில் கேட்வே வரி காலியாக இருக்கும். 192.168.56.1 என்ற முகவரியைப் பார்த்தால் அது அநேகமாக விர்ச்சுவல்பாக்ஸுடையது. அசல் ஐபி போலவே தோன்றுவதால் அதைப் பிரிண்டர் செட்டிங்கில் போட்டுவிட்டு ஏன் வேலை செய்யவில்லை என்று உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

5. ஐபி முகவரியைப் படிப்பது

'ஐபிவி4 அட்ரஸ்' வரியில் புள்ளியால் பிரிந்த நான்கு எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் 0 முதல் 255-க்குள். பக்கத்தில் 'ப்ரிஃபர்ட்' என்று எழுதியிருந்தால் அந்த முகவரி இப்போது பயன்பாட்டில் இருக்கிறது என்று பொருள். தொடக்க எண்களைப் பார்த்தே நிறையச் சொல்லிவிடலாம்.

192.168-இல் தொடங்கினால் வீடு, கடை, சின்ன ஆபீஸ் ரவுட்டர் கொடுத்தது. 10-இல் தொடங்கினாலோ, 172.16 முதல் 172.31 வரை இருந்தாலோ அதுவும் உள் முகவரிதான். பெரிய ஆபீஸ், கல்லூரிகளில் அதிகம் காணலாம். ஐபோன் ஹாட்ஸ்பாட் 172.20.10 என்று தொடங்கும் முகவரியைக் கொடுக்கும். இந்த மூன்று வரிசைகளும் உள் பயன்பாட்டுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் ஒரே நேரத்தில் 192.168.1.5 இருக்கலாம், மோதாது.

169.254 என்று தொடங்கினால் கவனியுங்கள். அது ரவுட்டர் கொடுத்த முகவரியே அல்ல. கம்ப்யூட்டர் முகவரி கேட்டிருக்கிறது, யாரும் பதில் சொல்லவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது. 'ஆட்டோகான்ஃபிகரேஷன்' என்ற சொல்லும் கூடவே இருக்கும். கேபிள் சரியாக உட்காரவில்லை, ரவுட்டர் தொங்கி நிற்கிறது, நெட்வொர்க் சுவிட்சில் மின்சாரம் இல்லை, இப்படி ஏதோ ஒன்று. இந்த நிலையில் பிரவுசரையோ டிஎன்எஸ்ஸையோ நோண்டிப் பயனில்லை. கேபிளையும் ரவுட்டரையும் பாருங்கள்.

127.0.0.1 என்பது எந்தக் கம்ப்யூட்டரும் தன்னையே குறித்துக்கொள்ளும் எண். அதை யாருக்கும் உங்கள் ஐபி என்று கொடுக்காதீர்கள்.

ஐபிவி6 வரிகள் நீளமாக, எழுத்தும் எண்ணும் கலந்து, முக்காற்புள்ளி போன்ற இரட்டைப் புள்ளிகளோடு இருக்கும். எஃப்ஈ80 என்று தொடங்குவது உங்கள் நெட்வொர்க்குக்குள் மட்டும் செல்லுபடியாகும், நெட் இல்லாவிட்டாலும் அது இருக்கும். 2 என்று தொடங்குவது வெளியுலகத்துக்கானது. 'டெம்பரரி' என்று இன்னொன்று இருந்தால் அது தனியுரிமைக்காக அவ்வப்போது மாறுவது. பிரிண்டர், சிசிடிவி வேலைக்கு இப்போதைக்கு ஐபிவி4 போதும்.

6. மாஸ்க்கும் கேட்வேயும்

இரண்டையும் ஐபியோடு சேர்த்தே படியுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

வீடுகளில் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றுதான் இருக்கும். 255 இருக்கும் இடங்கள் நெட்வொர்க்கைக் குறிக்கின்றன, 0 இருக்கும் இடம் அதற்குள் ஒரு கருவியைக் குறிக்கிறது. லேண்ட்லைன் காலத்தில் உள்ளூர் என்றால் எண்ணை மட்டும் சுழற்றுவோம், வெளியூர் என்றால் எஸ்டிடி கோடு போடுவோம் இல்லையா, கம்ப்யூட்டருக்கு அந்த முடிவை எடுக்க உதவுவது மாஸ்க். முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் உள்ளூர், நேரடியாகப் பேசும். மாறினால் வெளியூர், கேட்வேயிடம் கொடுத்துவிடும். இந்த மாஸ்க்கில் மொத்தம் 256 முகவரிகள். முதலும் கடைசியும் கருவிகளுக்குக் கிடையாது, ஆக 254.

கேட்வே என்பது உங்கள் ரவுட்டரின் முகவரி. பல ரவுட்டர்களில் 192.168.1.1 அல்லது 192.168.0.1, ஜியோ ஃபைபரில் பெரும்பாலும் 192.168.29.1, ஷாவ்மியில் 192.168.31.1. ரவுட்டர் செட்டிங் பக்கத்தைத் திறக்க பிரவுசரில் அடிக்க வேண்டிய எண்ணும் இதுதான். யூடியூபில் யாரோ 192.168.1.1 என்று சொன்னார்கள் என்று அதையே அடித்துக்கொண்டிருக்காமல் உங்கள் திரையில் வந்ததை அடியுங்கள்.

ஒரு நடைமுறைச் சம்பவம் சொல்கிறேன். கடையில் பழைய இணைப்பை எடுத்துவிட்டு வேறு ஃபைபர் போடுகிறார்கள். மறுநாளிலிருந்து சிசிடிவி கம்ப்யூட்டரில் வரவில்லை. டிவிஆர் (கேமராப் படங்களைப் பதிவு செய்யும் பெட்டி) பழுதாகவில்லை, வயரும் நன்றாக இருக்கிறது. பார்த்தால் டிவிஆரில் கையால் போட்ட ஐபி 192.168.1.108, புது ரவுட்டர் கொடுப்பதோ 192.168.29 வரிசை. மூன்றாவது எண் வேறு, ஆகவே கம்ப்யூட்டர் டிவிஆரை வெளியூர் என்று நினைத்து ரவுட்டரிடம் கேட்கிறது, ரவுட்டருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. டிவிஆரின் மெனுவில் ஐபியையும் கேட்வேயையும் புது வரிசைக்கு மாற்றினால் முடிந்தது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு கருவிகளின் ஐபியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தாலே போதும்.

கேட்வே வரி காலியாகவோ 0.0.0.0 என்றோ இருந்தால் உள்ளூர் பேச்சு மட்டும் நடக்கும், இன்டர்நெட் வராது.

7. டிஎன்எஸ்ஸும் மற்ற வரிகளும்

டிஎன்எஸ் சர்வர் என்பது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபியைத் தேடித் தருவது. கேட்வே எண்ணே இங்கேயும் இருந்தால் ரவுட்டர் அந்த வேலையைக் கைமாற்றி விடுகிறது என்று பொருள், அது சரிதான். 8.8.8.8 என்றால் கூகுள், 1.1.1.1 என்றால் கிளவுட்ஃபிளேர். நீங்கள் போடாத, தெரியாத எண் ஏதாவது இருந்தால் யார் போட்டது என்று விசாரியுங்கள்; டிஎன்எஸ்ஸை மாற்றியவரால் உங்களை வேறு தளத்துக்குத் திருப்ப முடியும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் இருப்பதை மாற்றாதீர்கள். ஆபீஸ் சர்வர்களின் பெயர் ஆபீஸ் டிஎன்எஸ்ஸுக்குத்தான் தெரியும்.

'டிஹெச்சிபி எனேபிள்ட்' வரியில் 'யெஸ்' என்றால் ரவுட்டரே முகவரி கொடுக்கிறது. 'நோ' என்றால் யாரோ கையால் போட்டிருக்கிறார்கள். ஆபீஸில் கையால் ஐபி போட்ட லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வைஃபை இணைந்த மாதிரி காட்டும், நெட் வராது. இந்த ஒரு வரியில் காரணம் தெரிந்துவிடும்.

'லீஸ் எக்ஸ்பயர்ஸ்' என்பது அந்த முகவரி எதுவரை உங்களுடையது என்ற நேரம். அதற்கு முன்பே கம்ப்யூட்டர் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், ஆனால் சில நாள் அணைத்து வைத்திருந்தால் வேறு முகவரி வரலாம். நேற்று வேலை செய்த பிரிண்டர் இன்று 'ஆஃப்லைன்' என்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்: பிரிண்டருக்கு ஐபி மாறியிருக்கும்.

'ஃபிசிக்கல் அட்ரஸ்' என்பது மேக் முகவரி, அதாவது அடாப்டரின் அடையாள எண், இரண்டிரண்டாகப் பிரித்த பன்னிரண்டு எழுத்துகள் (ஆப்பிள் மேக் கம்ப்யூட்டருக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை). வைஃபைக்கு ஒன்று, கேபிளுக்கு வேறொன்று. ஆபீஸில் பதிவு செய்யக் கேட்டால் எதற்கு என்று கேட்டுக்கொண்டு கொடுங்கள். 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸ்' செட்டிங் போட்டிருந்தால் வைஃபைக்கு அசல் முகவரிக்குப் பதில் வேறொன்று போகும், பதிவு செய்தது பொருந்தாது.

8. வரிசையாகப் பிங் செய்வது

எண்களைப் படித்தாயிற்று, இனி அவை வேலை செய்கின்றனவா என்று பிங் மூலம் பார்க்கலாம்; எதிர்முனை பதில் சொல்கிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை அது. அருகிலிருந்து தொலைவுக்குப் போக வேண்டும், ஏனென்றால் எங்கே நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. அதே கறுப்பு ஜன்னலில் 'பிங்' என்று அடித்து, இடைவெளி விட்டு, முதலில் கேட்வே எண். பிறகு 8.8.8.8. பிறகு ஏதாவது ஒரு தளத்தின் பெயர்.

கேட்வேயே பதில் தரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உங்களுக்கும் ரவுட்டருக்கும் நடுவில். கேட்வே பேசுகிறது, 8.8.8.8 பேசவில்லை என்றால் ரவுட்டருக்கு அப்பால். அப்போதுதான் கஸ்டமர் கேருக்குப் போன் போட வேண்டும். இரண்டும் பேசி, தளத்தின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் டிஎன்எஸ். சில ஆபீஸ்களில் பிங்கைத் தடுத்து வைத்திருப்பார்கள், அங்கே இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.

'ரிப்ளை ஃப்ரம்' என்று வந்தாலே வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். முழு வரியையும் படியுங்கள். உங்கள் சொந்த ஐபியிலிருந்தே 'ரிப்ளை' வந்து கடைசியில் 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' என்று இருந்தால் எதிர்முனை கிடைக்கவில்லை என்றுதான் பொருள். கீழே வரும் கணக்கில் 0 சதவீத இழப்பு என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். நேரம் மில்லிசெகண்டில் வந்திருந்தால்தான் உண்மையான பதில்.

9. மாற்ற வேண்டி வந்தால்

முதலில் லேசான வழி. 'ஐபிகான்ஃபிக்' உடன் சாய்கோடு 'ரிலீஸ்', பிறகு சாய்கோடு 'ரினியூ'. பழைய முகவரியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும். தொலைவிலிருந்து எனிடெஸ்க் போன்றவற்றில் இன்னொருவர் கம்ப்யூட்டரைப் பார்க்கும்போது மட்டும் 'ரிலீஸ்' அடிக்காதீர்கள், இணைப்பு அங்கேயே அறுந்துவிடும். தளங்களின் பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் சாய்கோடு 'ஃப்ளஷ்டிஎன்எஸ்' போதும்.

பிரிண்டர், டிவிஆர் மாதிரி ஒரே ஐபியில் நிற்க வேண்டியவற்றுக்கு, கருவியில் கையால் போடுவதைவிட ரவுட்டரில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' செய்வதே நல்லது என்பேன். கருவியின் மேக் முகவரிக்கு இந்த ஐபி என்று ரவுட்டரே நினைவில் வைத்துக்கொள்ளும், வேறு யாருக்கும் கொடுக்காது. கையால் போட்டால் ரவுட்டருக்குத் தெரியாமல் அதே எண்ணை வேறொரு போனுக்குக் கொடுத்துவிடலாம், இரண்டும் மாறி மாறி அறுபடும்.

அப்படியும் கம்ப்யூட்டரிலேயே போட வேண்டியிருந்தால் ரவுட்டர் பகிர்ந்து தரும் வரிசைக்கு வெளியே ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஐபி, மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கையும் நிரப்புங்கள். விண்டோஸ் 10 செட்டிங்ஸில் 'சப்நெட் ப்ரிஃபிக்ஸ் லெங்த்' என்று கேட்கும், அங்கே 255.255.255.0 போட்டால் ஏற்காது, 24 என்று போட வேண்டும். இரண்டும் ஒரே அளவுதான், எழுதும் முறை வேறு.

10. மேக், லினக்ஸ்

மேக்கில் ஆப்ஷன் கீயை அழுத்திக்கொண்டே மேலே உள்ள வைஃபை படத்தைக் கிளிக் செய்தால் ஐபியும் ரவுட்டர் முகவரியும் உடனே தெரியும். முழுமையாக வேண்டுமென்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, 'டீட்டெய்ல்ஸ்', அதில் 'டிசிபி/ஐபி'. கேட்வே என்ற சொல் இருக்காது, 'ரவுட்டர்' என்று இருக்கும்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து 'ஐபி' இடைவெளி 'அட்ர்' என்று நான்கு எழுத்தில் அடித்தால் முகவரி, 'ஐபி' இடைவெளி 'ரவுட்' என்றால் கேட்வே. மாஸ்க் தனியாக வராது. ஐபியின் வாலில் சாய்கோட்டுக்குப் பின் 24 என்று ஒட்டியிருக்கும்.

11. வெளி ஐபி வேறு

இதுவரை பார்த்தது உள் முகவரி. வெளியே இருக்கும் தளங்களுக்கு ஐபிவி4-இல் தெரிவது உங்கள் ரவுட்டரின் வெளி முகவரி, அது 'ஐபிகான்ஃபிக்' பட்டியலில் வராது. தேடுபொறியில் 'என் ஐபி என்ன' என்று ஆங்கிலத்தில் கேட்டால் கிடைக்கும். உதவி கேட்டு வாட்ஸ்அப் குழுவில் படம் போடும்போது 192.168 முகவரி வெளியே தெரிந்தால் பாதகமில்லை. வெளி ஐபி, 2-இல் தொடங்கும் ஐபிவி6, மேக் முகவரி மூன்றையும் மறைத்துவிடுங்கள்.

டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க 'போர்ட் ஃபார்வர்டிங்' (வெளியிலிருந்து வருவதை டிவிஆருக்கு அனுப்பும்படி ரவுட்டரில் வழி திறப்பது) செய்யப் போகிறவர்கள் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ரவுட்டர் செட்டிங் பக்கத்தில் 'வேன் ஐபி' (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) என்ன என்று பார்த்து, தேடுபொறி சொன்ன வெளி ஐபியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றானால் மேலே போகலாம். ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரையிலோ 10-இலோ தொடங்கும் எண் இருந்தால், இன்டர்நெட் கம்பெனி ஒரே வெளி முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்திருக்கிறது. உங்கள் ரவுட்டரில் என்ன செய்தாலும் வெளியிலிருந்து வருபவர் உள்ளே நுழைய முடியாது. அப்போது அந்தக் கம்பெனியிடம் ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்கென்று மாறாத வெளி முகவரி) கேளுங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணம் இருக்கும். அதற்குச் செலவழிக்க வேண்டாம் என்றால் டிவிஆர் கம்பெனியின் மொபைல் ஆப் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம், அதற்குப் போர்ட் திறக்கத் தேவையில்லை.